சூட்டுக் கை

புளித்ததைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுக்க இப்போதெல்லாம் ஜனங்களுக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. சனிக்கிழமை வாங்கின மாவை ஸ்கூட்டர் டிக்கியில் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் சுற்றுவது, யார் வீட்டிலோ உட்கார்ந்து கதை பேசுவது, வீட்டுக்குப் போன பிறகும் ஃப்ரிட்ஜில் வைக்க மறப்பது, திங்கட்கிழமை மத்தியானம் அதே கவரைச் செத்த எலியைத் தூக்குகிற மாதிரி இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு வந்து, "அண்ணா, ஒரே புளிப்பு. வேற குடுங்க" என்பது. சிட்டிபாபு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அந்தக் கவரைப் பார்த்தார். ரப்பர் பேண்டு தெறித்துவிடுகிற அளவுக்கு உப்பியிருந்தது. முன்னே என்றால் அந்தப் பெண்ணை நிற்கவைத்து, உளுந்து போட்டு அரைத்த மாவு புளிக்காமல் பின்னே இனிக்குமா என்று கேட்டிருப்பார். இப்போது அதற்குத் தெம்பில்லை. கேட்டால் கடையைப் போனில் படம் பிடித்து ஒற்றை ஸ்டார் போட்டுவிடுகிறார்கள். அந்த ஸ்டாரைப் பார்த்துவிட்டு நாலு பேர் எதிர்த் தெருக் கடைக்குப் போகிறார்கள். வேறு கவரை எடுத்து நீட்டினார். அந்தப் பெண் அதையும் மோந்து பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டாள்.

பீர்க்கன்கரணை ஏரியை ஒட்டின தெருவில், வீட்டின் முன்னறையையே கடையாக்கி மாவு அரைத்து விற்கிறார்கள் சிட்டிபாபுவும் அவர் மனைவி பச்சையம்மாவும். அவர் அப்பா காலத்தில் மதகுத் தண்ணீரில் நெல் விளைந்த இடத்தில்தான் அந்தப் பெண்ணின் அபார்ட்மெண்ட் நிற்கிறது. அதைப்பற்றி அவருக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. சேற்றில் நின்று அட்டைக்கடி வாங்கினவனுக்குத்தான் தெரியும் அந்த லட்சணம். அவருடைய வருத்தம் வேறு. அரிசி மூட்டையை இறக்குவது அவர், ஊறவைப்பது அவர், களைவது அவர், கிரைண்டரை ஓட்டுவது, கல்லைக் கழுவுவது, கவரில் ஊற்றிக் கட்டுவது, புளித்ததற்குப் பேச்சு வாங்குவது எல்லாம் அவர். அரைத்த மாவில் உப்பைப் போட்டுக் கையால் கலக்குகிறார்களே, அந்த ஒரு வேலைக்கு மட்டும் அவர் கை ஆகாது. அது பச்சையம்மாவின் வேலை.

கடை ஆரம்பித்த புதிதில் ஒருநாள் அவர் கலக்கிவைத்த மாவு, விடிவதற்குள் அண்டாவை விட்டு வழிந்து தரையெல்லாம் ஓடியிருந்தது. தெருவே நாறியது. மாட்டுக்கு ஊற்றினால் மாடு முகத்தைத் திருப்பிக்கொண்டது. "ஒன்து சூட்டுக் கைய்யா. மாவு தாங்காது" என்றாள் பச்சையம்மா. சொன்னதோடு விட்டாளா, குழாயடி முழுக்கச் சொல்லி வைத்தாள். சிலர் கை பட்டால் மாவு பூவாகப் பொங்கும், சிலர் கை பட்டால் கல்லாகக் கிடக்கும், சிலர் கை பட்டால் ஒரே ராத்திரியில் புளித்துப்போகும் என்று எல்லா வீட்டிலும் பெண்கள் சொல்கிறதுதான். சிட்டிபாபு நம்பவில்லை. முப்பது வருஷமாக நம்பவில்லை. தாம்பரத்தில் ஒரு டாக்டரிடம் போய்க் கையை நீட்டி, இதில் சூடு இருக்கிறதா பாருங்கள் என்று கேட்டிருக்கிறார். டாக்டர் சர்க்கரைக்கு ரத்தம் எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார். ஒருதரம் பந்தயம் கட்டி, ஒரே மாவை இரண்டு குண்டானில் பிரித்து ஒன்றில் அவளும் ஒன்றில் அவரும் கை வைத்தார்கள். மறுநாள் இரண்டுமே புளித்திருந்தன. "நீதான் பக்கத்துல நின்னுகினு இருந்தியே" என்றாள்.

மாவு வாங்கின பெண்ணின் ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பும்போது மோகன்ராஜ் எதிரில் வந்துகொண்டிருந்தான். அவருடைய ஒரே மகன். பெங்களூர் பஸ்ஸை விட்டுப் பெருங்களத்தூரில் இறங்கி, தோளில் பையோடு வெயிலில் நடந்தே வந்திருந்தான். சிட்டிபாபு பார்த்தும் பார்க்காத மாதிரி உள்ளே போய் ஊறின உளுந்தைக் களைய உட்கார்ந்தார்.

மகன் பெங்களூரில் பீர் காய்ச்சுகிற இடத்தில் வேலை பார்க்கிறான். கேட்கிறவர்களிடம் ஜூஸ் கம்பெனி என்று சொல்லிவைத்திருக்கிறார். அவர் வலது மணிக்கட்டில் ஒரு சிவப்புக் கயிறு கிடக்கிறது. குடியை விட்டதற்கு ஏரிக்கரை அம்மன் கோயிலில் பூசாரி கட்டினது. ஆடி வந்தால் பழசை அறுத்துவிட்டுப் புதுசு கட்டுவார்கள். நடுவில் அறுந்தால் அன்றைக்கே ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும். கயிறு ஏறுவதற்கு முன்னால் ஜி.எஸ்.டி. ரோட்டு பார்களில் அவர் விழாத இடம் பாக்கியில்லை. பள்ளிக்கூட யூனிபாரத்தோடு மோகன்ராஜ் பார் வாசலில் வந்து நிற்பான். சின்னப் பையனை உள்ளே விடமாட்டார்கள். "நைனா, அம்மா கூப்புடுது, நைனா, அம்மா கூப்புடுது" என்று பஸ்ஸில் ஊர் பெயர் சொல்கிற கண்டக்டர் மாதிரி ஒரே குரலில் சொல்லிக்கொண்டு நிற்பான். அப்படி நின்ற பையன் அதையே காய்ச்சுகிற வேலைக்குப் போனான் என்றால் யாரைப் போய்க் கேட்பது என்று சிட்டிபாபுவுக்குத் தெரியவில்லை. தெரியாததால் பேச்சை நிறுத்திக்கொண்டார். போன் வந்தால் பச்சையம்மாவிடம் நீட்டிவிடுவார்.

தோசை தின்று கை கழுவின பிறகு மோகன்ராஜ் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து பேச ஆரம்பித்தான். அம்மாவைப் பார்த்துத்தான் பேசினான். பேச்சு யாருக்கு என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

பெங்களூரில் இப்போது கசப்பு பீருக்கு அவ்வளவாக ஆளில்லையாம், புளிப்பு பீருக்குத்தான் கூட்டம் வருகிறதாம். உளுந்துக்குள் இருந்த சிட்டிபாபுவின் கை நின்றது. புளிப்பு ஒன்றும் புதுசு இல்லையாம். வெளிநாட்டில் ஒரு பக்கம், காய்ச்சின பார்லிக் கஞ்சியைக் கூரைக்கடியில் அகலமான தொட்டியில் ஊற்றி, ராத்திரி முழுக்க ஜன்னலைத் திறந்து போட்டுவிடுவார்களாம். காற்றில் என்ன இருக்கிறதோ அது வந்து விழுந்து புளிக்கவைக்குமாம். அப்புறம் மரப் பீப்பாயில் வருஷக்கணக்கில் கிடக்குமாம். அந்தக் கட்டிடத்தில் ஒட்டடைகூட அடிக்க மாட்டார்களாம், ஈயைப் பிடிக்கச் சிலந்தி வேண்டும் என்று. இன்னொரு நாட்டில் அதில் உப்பும் தனியாவும் போடுவார்களாம்.

"அதுக்குப் பேரு ரசம்" என்றார் சிட்டிபாபு. அன்றைக்கு அவர் மகனிடம் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

மோகன்ராஜ் சிரித்தான். சிரித்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது. பெங்களூரில் அதற்குமேல் போய்விட்டார்கள் என்றான். நாவல்பழம் போடுகிறார்கள், மாங்காயும் மிளகாய்த்தூளும் போடுகிறார்கள், காபிக்கொட்டை போடுகிறார்கள், ஒருத்தன் எலுமிச்சை ஊறுகாயைப் போட்டுக் காய்ச்சி வரிசையில் நிற்கவைத்து விற்றானாம். பச்சையம்மா முழங்காலைக் கட்டிக்கொண்டு கதை கேட்கிற மாதிரி கேட்டாள். சிட்டிபாபுவுக்கு மத்தியானம் வந்த பெண்ணின் முகம் நினைவுக்கு வந்தது. இங்கே புளித்தால் கடைக்காரன் திருடன். அங்கே புளித்தால் வரிசை. ஏதோ ஒரு இடத்தில் யாரோ யாரையோ ஏமாற்றுகிறார்கள். அது மட்டும் நிச்சயம்.

விஷயம் அதற்கு அப்புறம்தான் வந்தது. போன சித்திரையில் மோகன்ராஜ் வந்திருந்தபோது பச்சையம்மாவுக்கு நல்ல ஜுரம். எழுந்திருக்க முடியவில்லை. வேறு வழியில்லாமல் அன்றைக்கு மாவைச் சிட்டிபாபுதான் கலக்கினார். ஊருக்குப் போகும்போது ரூமில் தோசை ஊற்றிக்கொள்ளலாம் என்று அதில் ஒரு கவர் எடுத்துப் போனவன், பைக்குள்ளேயே மறந்துவிட்டான். மறுநாள் பையைத் திறந்தால் கவர் வெடித்துத் துணியெல்லாம் மாவு. வாடை மட்டும் கெட்ட வாடையாக இல்லை. வெட்டின கொய்யாப்பழம் மாதிரி இருந்தது. ஒரு கரண்டி எடுத்து இளஞ்சூடான கஞ்சியில் போட்டு வைத்துப் பார்த்தான். புளித்தது. திரும்பக் காய்ச்சி, ஈஸ்ட் போட்டு, கொய்யாவும் கல்லுப்பும் சேர்த்து முதலாளிக்கு ஒரு கிளாஸ் கொடுத்தான். முதலாளி அடுத்த வாரமே பீர் போட ஒரு டேங்கை அவன் கையில் கொடுத்துவிட்டார். அங்கே மூன்று வருஷமாக டேங்க் கழுவிக்கொண்டிருந்தவனுக்கு அது பெரிய காரியம். அந்த பீர் சீக்கிரமே தீர்ந்துபோனது. மறுபடி போடுவதற்கு ஜாடியில் எடுத்து வைத்திருந்த புளிப்பை, நாறுகிறது என்று யாரோ கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள்.

"அப்புறம் ரெண்டு தடவ அம்மா கலக்கினத எடுத்துக்கினு போனேன்" என்றான் மோகன்ராஜ். இப்போது நேராக அப்பாவைப் பார்த்தான். "வரல நைனா. மோர்த் தண்ணி மாதிரி கீது. ரெண்டு டேங்கும் சாக்கடைலதான் ஊத்தினேன். இந்த வாட்டியும் வரலைன்னா டேங்க்க வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. நான் மறுபடி கழுவப் போவணும்."

"அதுக்கு?"

"ஒரு தடவ நீ கலக்கிக் குடு."

சிட்டிபாபு உளுந்துத் தண்ணீரை வடித்தார். பிறகு, அன்றைக்குக் கரண்டு இல்லை என்றார். ஃப்ரிட்ஜ் நின்றுபோயிருந்தது, சித்திரை வெயில், லாரித் தண்ணீர் வேறு, அதனால்தான் புளித்தது என்றார். "கையில இன்னா கீது? கை எல்லாருக்கும் கைதான்."

மோகன்ராஜ் போனை எடுத்து ஒரு படம் காட்டினான். கறுப்புப் பலகையில் சுண்ணாம்புக்கட்டியால் என்னவோ இங்கிலீஷில் எழுதி, பக்கத்தில் விரித்த கை ஒன்று வரைந்திருந்தது. பலகைக்கு முன்னால் தாடி வைத்த பையன்களும் பெண்களும் கிளாசைத் தூக்கிக்கொண்டு சிரித்தார்கள். கிளாசில் இருந்தது ரோஸ் நிறம். பச்சையம்மா, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். அவன் கொஞ்சம் தயங்கி, "சூட்டுக் கை" என்றான். அவள் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

சிட்டிபாபு சிரிக்கவில்லை. "இத்தினி நாளு இந்தத் தெருவுக்கு மட்டும்தான் தெரியும்" என்றார். "இப்ப பெங்களூரு பூரா போர்டு வச்சுட்டே."

கிரைண்டரைப் போட்டுவிட்டு அதன் பக்கத்தில் நின்றார். அந்தச் சத்தத்தில் யாரும் எதுவும் கேட்க முடியாது, அதற்காகத்தான் போட்டார். கல் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே யோசித்தார். கலக்கிக் கொடுத்து, அது பையன் சொல்கிறபடி புளித்துவிட்டால், பச்சையம்மா முப்பது வருஷமாகச் சொன்னது நிஜமாகிவிடும். வீட்டுக்கு ஆகாத கை என்று அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. புளிக்கவில்லை என்றால் அவர் சொன்னது நிஜம். பையன் டேங்க் கழுவப் போவான். எந்தப் பக்கம் போனாலும் இடிக்கிறது. இதற்கு நடுவில் கயிறு வேறு. தொடமாட்டேன் என்று அம்மனுக்கு முன்னால் சொன்னவன், அதே கையால் சாராயத்துக்கு மாவு கலக்குவதா? பீருக்குத்தான் என்று பூசாரியிடம் சொன்னால் அவன் என்ன, சரி என்று விட்டுவிடுவானா?

திரும்பிப் பார்த்தபோது மோகன்ராஜ் பையிலிருந்து ஒரு சின்ன ஸ்டீல் ஃப்ளாஸ்க்கை எடுத்து, மூடியில் கொஞ்சம் ஊற்றி அம்மாவிடம் நீட்டிக்கொண்டிருந்தான். முதல் டேங்கில் மிச்சம் வைத்தது. சிட்டிபாபு கிரைண்டரை நிறுத்தினார். வாயைத் திறப்பதற்குள் பச்சையம்மா வாங்கி, ஒருமுறை மோந்து பார்த்து, கஷாயம் குடிக்கிற மாதிரி அண்ணாந்து ஊற்றிக்கொண்டாள். குடிகாரனை மணந்து, பார் வாசலுக்குப் பையனை அனுப்பி, கோயில் கோயிலாக அலைந்து கயிறு கட்டவைத்த பச்சையம்மா. நாக்கை மேலண்ணத்தில் தட்டிப் பார்த்தாள். கண்ணை ஒருமுறை சுருக்கினாள்.

"பழைய சோத்துத் தண்ணில கொய்யாப்பழத்த பிசைஞ்ச மாரி கீது" என்றாள். பிறகு கணவனைப் பார்த்தாள். "இதுக்கா நீ அந்த ஆட்டம் ஆடினே?"

அவர் குடித்தது இது இல்லை. அவர் எதையும் ருசிக்காகக் குடித்ததும் இல்லை. அதை இப்போது சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. மூடியிலிருந்து கிளம்பின வாடை அவர் நின்ற இடம் வரைக்கும் வந்துவிட்டது. பார் வாடை இல்லை. பழ வாடை, அதற்கு அடியில் காலையில் மூடி திறக்கிற மாவு அண்டாவின் வாடை. ஆனால் அதற்கும் அடியில் அவருக்குத் தெரிந்த ஒன்று இருந்தது. நாக்கின் அடியில் தண்ணீர் ஊறியது. கயிறு கட்டி இத்தனை காலமாகியும் நாக்கு மறக்கவில்லை என்பது அவருக்கு அலுப்பாகவும் பயமாகவும் இருந்தது. "அத மூடு" என்றார். மோகன்ராஜ் மூடினான்.

சிட்டிபாபு அரைந்த உளுந்தை அண்டாவில் இருந்த அரிசி மாவின்மேல் சாய்த்தார். மோகன்ராஜ் ஃப்ளாஸ்க்கைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தான். இழுக்கும்போது அவன் கையைச் சிட்டிபாபு பார்த்தார். விரல் நடுவெல்லாம் தோல் உரிந்து, வெள்ளை வெள்ளையாக, முட்டியில் வெடித்திருந்தது. டேங்க் கழுவுகிற மருந்து அப்படிச் செய்யும் போலிருக்கிறது. முப்பது வயசுப் பையனுக்கு இருக்கிற கை இல்லை அது. "பரவால்ல நைனா" என்றான். "வேணாம்னா வேணாம். நான் வேற ஏதாச்சும் பாத்துக்கறேன்." பார் வாசலில் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போய், கடைசியில் தனியாகத் திரும்பிப் போவானே, அந்த நாட்களிலும் இவனுக்கு இதே குரல்தான்.

பச்சையம்மா எழுந்து, அரைத்த மாவிலிருந்து ஒரு சின்னக் குண்டான் அளவுக்குத் தனியாக வழித்து வைத்தாள். பெரிய அண்டாவில் உப்பைப் போட்டு முழங்கை வரைக்கும் விட்டுக் கலக்கினாள். கையை வழித்துவிட்டு, சின்னக் குண்டானிலும் ஒரு பிடி உப்பைப் போட்டாள். அதில் கை வைக்கவில்லை. குழாயடிக்குப் போய்க் கழுவிக்கொண்டு வந்தாள்.

"கயிறு குடிக்கறதுக்குத்தான் கட்டினது. கலக்கறதுக்கு இல்ல."

"நீதான் பூசாரியா?"

"நான் கட்டவச்சவ" என்றாள்.

சிட்டிபாபு குண்டானுக்கு முன்னால் குந்தினார். முழங்கால் இரண்டும் சொடுக்கின. மாவு ஒரு சுருக்கம் இல்லாமல் வெள்ளையாகக் கிடந்தது. நடுவில் உப்பு மட்டும் கரைந்து ஒரு பள்ளம் விழுந்துகொண்டிருந்தது. இந்த அறையில் இத்தனை வருஷம் நின்றிருக்கிறார். குந்தி உட்கார்ந்து இதை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. மணிக்கட்டுக் கயிற்றை இடது கையால் மேலே தள்ளினார். அது முன்கையில் போய் இறுகி, அதற்கு மேல் போகமாட்டேன் என்று நின்றது. அங்கேயே விட்டார்.

"பேரு வைக்காத" என்றார்.

"இன்னா நைனா?"

"இதுக்குப் பேரும் வைக்காத, கைய்யும் வரையாத. கேக்கறவனுக்கு மாவுன்னு சொல்லு."

மோகன்ராஜ் தலையாட்டினான். சிட்டிபாபு கையை உள்ளே விட்டார். மாவு எதிர்பார்த்ததைவிடக் குளிர்ச்சியாக இருந்தது. அடியிலிருந்து தூக்கித் தூக்கி மேலே விட்டார். அவள் எத்தனை சுற்றுச் சுற்றுவாள் என்று தெரியும்; அத்தனை சுற்றவில்லை, போதும் என்று தோன்றின இடத்தில் நிறுத்தினார். கையை எடுத்தபோது விரல்களிலிருந்து மாவு பட்டையாக இறங்கியது. பச்சையம்மா சொம்பில் தண்ணீர் எடுத்து நீட்டினாள். அவர் வாங்கவில்லை. எழுந்து நின்றார்.

"புளிச்சா வெயிலு" என்றார். "புளிக்கலைன்னா என்னக் கேக்காத."

செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். பின்னால் பச்சையம்மா குண்டானுக்கு மூடி போடுகிற சத்தம் கேட்டது. மோகன்ராஜ் எதுவோ கேட்டான், அவள் எதுவோ சொன்னாள். அவர் திரும்பவில்லை. ஏரிக்கரையில் சாயங்கால நடை ஆரம்பமாகிவிட்டது. காதில் ஒயரை மாட்டினவர்கள் யாரையும் பார்க்காமல் வேகமாகப் போனார்கள். அவர் ஓரமாக, வலது கையை உடம்பில் படாமல் முன்னால் நீட்டிக்கொண்டு நடந்தார். கரையோரக் குழாய் வந்தது. அதையும் தாண்டிப் போனார். ஏரிக் காற்றில் மாவு காய்ந்து தோலை இழுத்துப் பிடித்தது. உள்ளங்கை ரேகையிலெல்லாம் வெடிப்பு விட ஆரம்பித்தது. மேலே முன்கையில் கயிறு அழுத்தின இடம் கடுத்தது. இறக்கி விட இன்னொரு கை சும்மாதான் இருந்தது, ஆனாலும் இறக்கவில்லை. ஒருமுறை கையை மூக்குக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். பச்சை உளுந்து வாடை மட்டும்தான். கையில் ஒன்றும் கிடையாது, எல்லாம் அன்றைக்குக் கரண்டு போனதுதான் என்று மறுபடி சொல்லிக்கொண்டார். யாரோ, கொஞ்சம் பிடி, வந்துவிடுகிறேன் என்று கொடுத்துவிட்டுப் போன பொருளைப் போல அந்தக் கையை ஏந்திக்கொண்டு, கரை வளைகிற பக்கமாக நடந்துகொண்டிருந்தார்.